இரண்டு துறைமுகத்தில் இறங்கிய அம்மா

அத்தியாயம் 14

பாப்பா அழுது முடித்துவிட்டாள். அம்மாவுக்கு விசா இல்லை என்று வந்த கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாளாக அழுதது போதும் என்று அவளுக்கே தோன்றிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை முகத்தைக் கழுவினாள். வீட்டில் இருந்த தாள்களையெல்லாம் ஒரு பையில் திணித்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணனை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு குடியேற்ற அலுவலகத்துக்குப் புறப்பட்டாள்.

பாப்பா என்றதும் கைக்குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். முப்பதைத் தாண்டியவள். பல் லேபில் பல்செட் செய்கிறவள். எத்தனை முறை கழுவினாலும் நகத்துக்கு அடியில் பிளாஸ்டர் மாவு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குக் கடைசிப் பெண் என்பதால் வந்த பெயர், இனித் தலை நரைத்தாலும் போகாது.

அந்தக் கடிதம் சொன்னது இதுதான். உங்கள் அம்மா அனுமதிக் காலம் முடிந்த பிறகும் இந்த நாட்டை விட்டு வெளியே போகவில்லை. முதலில் அவர் வெளியே போகட்டும், அதன் பிறகு உள்ளே வருவதைப் பற்றிப் பேசலாம்.

அம்மாவோ கடலுக்கு அந்தப் பக்கம், தன் சொந்த வீட்டில், கட்டி வைத்த பெட்டியை வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இல்லாத ஊரிலிருந்து அவள் எப்படிக் கிளம்புவாள்? இதைச் சொன்னபோது லேபில் எல்லாரும் சிரித்தார்கள். முதல் நாள் பாப்பாவும் சேர்ந்து சிரித்தாள்.

சிரிப்பு நின்றது சனிக்கிழமை. அன்றைக்குத்தான் இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் பாப்பாவை மட்டும் தனியே கூப்பிட்டு, அப்பாவுக்கு இனி வாரக் கணக்கெல்லாம் இல்லை, நாள் கணக்குத்தான் என்றார். ரொட்டித் தொழிற்சாலையில் காலமெல்லாம் மாவுத் தூசியை மூச்சாக இழுத்த மனிதர். இப்போது மூச்சை இழுப்பதே அவருக்குப் பெரிய வேலையாகிவிட்டது. கண் விழிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்.

"அவ கிளம்பிட்டாளா?"

அம்மா கப்பலில் போன கதை தெரிந்தால்தான் மற்றது புரியும். அவள் இங்கே கொஞ்ச நாள், அங்கே கொஞ்ச நாள் என்று இருப்பவள். கடைசியாக வந்திருந்தபோது காதில் ஆபரேஷன் ஆகிவிட்டது. விமானம் கூடவே கூடாது, செவிப்பறை கிழிந்துவிடும் என்று காது டாக்டர் பயமுறுத்திவிட்டார். தங்கும் அனுமதியோ முடியப்போகிறது. எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அண்ணன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். இங்கிருந்து ஓர் உல்லாசக் கப்பல் கிளம்பி, அம்மா ஊர்த் துறைமுகத்தில் ஒரு பகல் நின்று, மறுபடி இங்கேயே திரும்புகிறது. பாதி வழிக்கு டிக்கெட் கிடையாது. போகவர இரண்டு பேருக்கும் எடுப்போம், அம்மா அங்கே இறங்கிக்கொள்ளட்டும், நான் மட்டும் திரும்பி வருகிறேன் என்றான்.

குடும்பமே அவன் மூளையை மெச்சியது. முதலில் மெச்சியவள் பாப்பாதான்.

குடியேற்ற அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு, தரையோடு திருகப்பட்ட நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் லிஃப்ட் போகிற சத்தத்தைக் கேட்டு அதன் உடம்பைப் பற்றி ஏதாவது குறை சொல்வான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அப்பா நினைப்பு என்று பாப்பா விட்டுவிட்டாள்.

அவர்கள் முறை வந்தது. கவுன்ட்டரில் இருந்த அதிகாரி ஜலதோஷத்தோடு போராடிக்கொண்டிருந்த நடுவயதுப் பெண்மணி. ரேகை வைக்கச் சொன்னார். பிளாஸ்டரும் அரமும் தேய்த்த பாப்பாவின் கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவே இல்லை. இந்த அலுவலகத்தில் நான் இருப்பதையே நம்பமாட்டார்கள் போலிருக்கிறது, அம்மாவை எங்கே நம்பப்போகிறார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அதிகாரி கெட்டவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறுமையாகக் கேட்டார். அம்மா வீட்டு வாசலில் நிற்கும் படங்கள், இனி விமானம் ஏறலாம் என்று அந்த ஊர்க் காது டாக்டர் கொடுத்த கடிதம், அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு என்று பாப்பா ஒவ்வொன்றாக எடுத்து வைத்ததையெல்லாம் படித்தார். பிறகு அம்மாவின் பாஸ்போர்ட் நகலைப் புரட்டி, வெளியே போன முத்திரையும் இல்லை, அங்கே போய்ச் சேர்ந்த முத்திரையும் இல்லையே என்றார்.

ஊர் சுற்றிப் பார்க்க இறங்கிய கும்பலோடு கும்பலாக, கப்பலில் கொடுத்த ரூம் கார்டைக் காட்டிவிட்டுத்தான் அம்மா வெளியே போனாள், அப்படி இறங்குகிறவர்களுக்கு யாரும் முத்திரை குத்துவதில்லை என்று பாப்பா விளக்கினாள்.

அதுதான் சிக்கல் என்றார் அதிகாரி. விமானத்தில் போனால் ஒவ்வொருவரையும் கவுன்ட்டரில் நிறுத்திப் பதிவு செய்வோம். கிளம்பின இடத்துக்கே திரும்புகிற கப்பலில் அப்படிச் செய்வதில்லை. போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்றுதான் கணக்கு. யாராவது வராவிட்டால் கப்பல்காரர்கள் சொல்வார்கள். உங்கள் அம்மாவைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இங்க ஏறினாங்க. நடுவுல அந்த ஊர்ல இறங்கினாங்க, சாயந்திரம் திரும்ப ஏறியிருக்காங்க. அப்புறம் இங்க வந்து இறங்கிட்டாங்க. அவங்க கார்டு வாசல்ல பதிவாகியிருக்கு, பாருங்க."

"தப்பா இருக்கும் மேடம். எங்கம்மா திரும்ப ஏறவே இல்லை."

அதிகாரி பாப்பாவைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தார்.

"அந்த ரூம்ல கூட இருந்தது நீங்கதானே?"

"ஆமாங்க" என்றான் அண்ணன்.

"உங்ககூட அம்மா இங்க வந்து இறங்கினாங்களா?"

பாப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதில்தான் தெரியுமே. இல்லைங்க என்று அவன் ஒரு வார்த்தை சொல்வான், தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு அடுத்த கவுன்ட்டருக்குப் போகலாம். அவள் தாள்களை அடுக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

"சரியா ஞாபகம் இல்லைங்க. அன்னைக்கு ரொம்பக் கூட்டம்."

பாப்பாவின் கை அப்படியே நின்றது. பெற்ற தாய் கூட வந்தாளா இல்லையா என்பது ஒருவனுக்கு ஞாபகம் இல்லாமல் போகுமா? அதிகாரிக்கும் அதே கேள்விதான் வந்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் சொன்னார். கூட இருந்தவர் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், துறைமுகக் காமிராவோடு ஒப்பிட்டுப் பதிவைத் திருத்தலாம். அப்பாவின் நிலைமைக்காக அன்றைக்கே முடித்துக் கொடுக்கிறேன். நாளை மாலை ஆபீஸ் மூடும் வரை இந்தக் கோப்பை மூடாமல் வைத்திருப்பேன்.

கடைசியாக இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

"நீங்க என்ன எழுதிக் குடுத்தாலும் அது உங்க கோப்புக்கும் போகும். யோசிச்சு எழுதுங்க."

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது பாப்பா அண்ணனின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள். தாடை அசைந்துகொண்டிருந்தது. எதையும் மெல்லவில்லை. பல்லோடு பல்லை வைத்து அரைத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கப்பலில் போய் வந்த மாதமே தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான், பக்கத்தில் படுக்க முடியவில்லை என்று அண்ணி புலம்பினாள். பாப்பா அவன் பல்லுக்கு அச்சு எடுத்து, பல் தேயாமல் இருக்க ராத்திரி மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று செய்து கொடுத்தாள். மற்றவர்களுக்கு வருஷக்கணக்கில் உழைக்கிற தட்டு அது. அவன் சீக்கிரமே கடித்து ஓட்டை போட்டுவிட்டான். இன்னொன்று செய்து கொடுத்தாள், அதுவும் போயிற்று. லிஃப்டையே கடித்துத் தின்கிறாயா என்று கேலி செய்தாள்.

"அன்னைக்கிலேருந்து பல்லைக் கடிக்கிறே. என்ன பண்ணினே அண்ணா?"

அவன் பஸ் நிறுத்தத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதலில் மழையைப் பற்றித்தான் சொன்னான். அம்மாவை அந்த ஊர்த் துறைமுகத்தில் மாமா வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது நல்ல மழையாம். வண்டியில் உட்கார்ந்துகொண்டே அம்மா தன் ரூம் கார்டை அவன் சட்டைப் பையில் போட்டு, பேத்தியிடம் கொடு, கடை வைத்து விளையாடட்டும் என்றாளாம். கப்பல் வாசலில் குடையும் தள்ளுமுள்ளுமாக ஒரே கூட்டம். பாதியில் இறங்கிக்கொள்ளக் கூடாது என்று முதல் நாளே கப்பலின் விசாரணை மேஜையில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் குறைந்தால் மைக்கில் பெயரைக் கூப்பிடுவார்கள், தேடுவார்கள், போலீஸுக்குச் சொல்வார்கள். கூட இருந்தவனைத்தான் பிடிப்பார்கள்.

"ரெண்டு கார்டையும் மெஷின்ல வச்சுட்டேன் பாப்பா. திரையில அம்மா போட்டோ வந்துச்சு. இவங்க எங்கன்னு வாசல்ல நின்னவன் கேட்டான். வீல்சேர்ல முன்னாடியே உள்ள போயிட்டாங்கன்னு சொன்னேன்."

ஒரு பொய்யோடு அது நிற்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அறையில் இரண்டு கட்டில். அறையைச் சுத்தம் செய்கிறவர் தினமும் இரண்டையும் விரித்து, அம்மா கட்டிலில் துவாலையை யானை மாதிரி மடித்து வைத்துவிட்டுப் போவாராம். சந்தேகம் வரக் கூடாதே என்று இவன் காலையில் எழுந்ததும் அந்தக் கட்டிலில் போய்ப் படுத்து, புரண்டு, விரிப்பைக் கசக்கி வைப்பானாம். யானையைப் பிரித்து ஈரமாக்கிக் குளியலறையில் போடுவானாம். இங்கே வந்ததும் மறுபடி இரண்டு கார்டு, மறுபடி வீல்சேர்.

"ஏத்தினவங்களை இறக்கியாகணும்ல" என்றான். சிரிக்கப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டு போயிற்று.

பிறகாவது ஏன் சொல்லவில்லை என்று பாப்பா கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. அவனும் அண்ணியும் குழந்தையும் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாளில் வந்துவிடும் என்று எல்லாரும் வாய் ஓயாமல் பேசுவது அதைப் பற்றித்தான். எந்த அதிகாரியிடமாவது எப்போதாவது பொய் சொல்லியிருக்கிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அண்ணிக்கு இதில் எதுவுமே தெரியாது.

"உள்ள போ அண்ணா. இப்பவே போய்ச் சொல்லிடு. நான் கூட வர்றேன்."

"அப்பாவுக்கு அம்மாவைக் குடுக்கணும்னா நான் என் வீட்டைக் குடுக்கணும் பாப்பா. மூணு பேரையும் அனுப்பிடுவாங்க."

ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது அவளுக்கு. கூடவே அண்ணன் மகளின் முகமும் வந்து தொலைத்தது. அந்தக் குழந்தைக்கு இந்த ஊரைத் தவிர வேறு ஊர் தெரியாது. யாருக்காகக் கோபப்படுவது, யாரிடம் கோபப்படுவது? அவன் இதைச் செய்தது அம்மா இங்கே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அதே காரியம்தான் அம்மாவை அங்கே மாட்டி வைத்துவிட்டது.

"நீ போய்ச் சொல்லப்போறியா?" என்று கேட்டான் அண்ணன்.

அந்த யோசனை அதுவரை அவளுக்கு வரவே இல்லை. அவன் கேட்டதால்தான் வந்தது. பஸ் வந்தது. அவள் ஏறி, அவனைப் பார்க்க வேண்டாத ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

வழியில் அம்மா ஃபோன் செய்தாள். ஆபரேஷனுக்குப் பிறகும் அந்தக் காதில் பாதிதான் கேட்கும், அதனால் கத்தித்தான் பேசுவாள். பின் வரிசையில் இருந்த அண்ணனுக்கும் நன்றாகக் கேட்டிருக்கும். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். பார்க்கிறோம் என்றார்கள் என்று பாப்பா பூசி மெழுகினாள்.

அம்மாவை ஏமாற்ற முடியாது. தன் வழக்கமான கிண்டலுக்குத் திரும்பினாள்.

"இங்க இருக்கிற என்னைத்தான் உங்க ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க. போகட்டும். அங்க ஒருத்தி இருக்காளாமே நான்னு சொல்லிக்கிட்டு, அவளைப் பார்த்தா கொஞ்சம் உங்கப்பா பக்கத்துல போய் உக்காரச் சொல்லுடி."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சாயங்கால வெயில் அப்பாவின் கால்மாட்டில் விழுந்திருந்தது. மூக்கில் பிராணவாயுக் குழாய். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கும் மூச்சு முட்டும். அண்ணன் உள்ளே வரவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று போனான். பாப்பா அப்பாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் மாவு பிசைந்த கை, இப்போது பிடித்தால் எலும்புதான் தட்டுப்பட்டது.

அப்பா கண் விழித்தார்.

"அவ கிளம்பிட்டாளா?"

இந்தக் கேள்விக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அவள் இத்தனை நாளும் சொல்லிவந்தாள். இன்றைக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை. அதைவிடப் பெரிய பொய் ஒன்று வந்தது. அரசாங்கமே ஒத்துக்கொண்ட பொய்.

"வந்துட்டாப்பா. இங்கதான் இருக்கா."

அப்பாவின் முகத்தில் என்னவெல்லாமோ நடந்தது. சுருங்கிக் கிடந்த கண் அகலமாகத் திறந்தது. தலையைத் திருப்பினார், அதற்கே மூச்சு இறைத்தது. கதவையே பார்த்தார்.

"அப்புறம் ஏன் உள்ள வரலை?"

அவர் கதவைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார். பிறகு தனக்குத் தானே ஏதோ ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டவர் போல, முழங்கையை ஊன்றி நகரப் பார்த்தார். வேண்டாம்பா, அசையாதீங்க என்று அவள் தடுத்தாள். கேட்கவில்லை.

"கட்டில் சின்னது. அவ உக்கார இடம் வேணாமா?"

என்ன செய்வாள்? இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கி, அவரைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தினாள். எடையே இல்லை. காலியான பாதியில் விரிப்பு சுருங்கிக் கிடந்தது. அப்பா கையால் அந்தச் சுருக்கத்தை மெல்ல மெல்லத் தடவி நீவிவிட்டார்.

வாசலில் அண்ணன் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தானோ தெரியாது. அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடை அசையவில்லை. பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தான்.

"அண்ணா" என்றாள் பாப்பா.

அவன் நிற்கவில்லை. எழுந்து ஓடிப்போய் எங்கே போகிறாய் என்று கேட்க முடியவில்லை, அவள் விரலை அப்பா பிடித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்குப் போனாலும் கீழேதான் இறங்க வேண்டும், கவுன்ட்டருக்குப் போனாலும் கீழேதான் இறங்க வேண்டும்.

"கதவை மூடிடாத பாப்பா" என்றார் அப்பா. "சாத்தியிருந்தா அவ தட்ட மாட்டா, அப்படியே நிப்பா."

பாப்பா தன் விரலை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துப் போய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.